கடனே என்று கும்பிடுவதா?

கடவுள் உண்டா இல்லையா என்கின்ற விவகாரத்தை இன்று ஒருபுறம் வைத்துவிடுவோம். உண்டு என்று நம்புகின்ற கிறிஸ்தவ சகோதரர்களையே ஒன்று கேட்கின்றோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போகின்றீர்களே, அது போகவேண்டும் என்கின்ற ஆசையினாலா, அல்லது போகாவிட்டால் என்ன வருமோ என்கின்ற பயத்தினாலா? நெஞ்சைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

கத்தோலிக்கர்கள் தவறாமல் பூசை காணவேண்டிய திருநாளுக்குத் தமிழில் "கடன் திருநாள்" என்று பெயர். பெயர் வைத்தவர் யாரோ, உள்ளதை உள்ளபடியே வைத்திருக்கின்றார். கடன் என்றால் கடமை என்றும் பொருள். கொடுத்துத் தீர்க்கவேண்டிய பாக்கி என்றும் பொருள். மனமில்லாமல் ஒரு வேலையைச் செய்கின்றவனைக் "கடனே என்று செய்கின்றான்" என்று நாம் சொல்வதும் அந்தச் சொல்லைக் கொண்டுதான். 1992-இல் ரோமாபுரிச் சபை வெளியிட்ட போதனைப் புத்தகத்திலும், தக்க காரணமின்றி வேண்டுமென்றே ஞாயிறு பூசையை விட்டுவிடுவது கனமான பாவம் என்றே கண்டிருக்கின்றது. நோயாளிக்கு விலக்கு உண்டு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்கின்றவருக்கும் விலக்கு உண்டு. "எனக்கு மனமில்லை" என்று உண்மையைச் சொல்கின்றவனுக்கு மாத்திரம் விலக்கு இல்லை.

வாரந்தோறும் வந்து என்னைப் பார்க்காத மகனுக்கு நிலத்தில் பங்கு கிடையாது என்று ஒரு தகப்பன் பத்திரம் எழுதி வைத்துவிட்டு, பிறகு மகன் வந்து நிற்கும்போது, "என் பிள்ளைக்கு என்மேல் எவ்வளவு பாசம் பார்த்தீர்களா!" என்று பெருமை பேசினால் ஊரார் சிரிக்கமாட்டார்களா? பத்திரத்தைக் கிழித்துப் போட்ட பிறகு எவன் வருகின்றானோ அவனுக்குத்தானே பாசம் இருக்கின்றதென்று அர்த்தம்?

இது ஏதோ நாம் குதர்க்கமாகச் சொல்வதல்ல. அவர்கள் சரித்திரமே இதைச் சொல்கின்றது. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயின் தேசத்து எல்விரா என்னும் ஊரில் பிஷப்புகள் கூடி, பட்டணத்தில் இருந்துகொண்டு மூன்று ஞாயிறு கோயிலுக்கு வராதவனைச் சிலகாலம் சபையிலிருந்து விலக்கிவைக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். பக்தி கொழுந்துவிட்டு எரிந்ததாகச் சொல்லப்படும் அந்த ஆதிநாளிலேயே ஆட்கள் வரவில்லை. விதி போட்டு இழுக்கவேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

பிறகு மதத்திற்கு அரசாங்கத்தின் பிரம்பும் கிடைத்தது. இங்கிலாந்தில் எலிசபெத் ராணியார் காலத்தில், 1559-ஆம் வருஷச் சட்டப்படி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வராதவனுக்கு ஒவ்வொரு தடவைக்கும் 12 பென்ஸ் அபராதம். அன்றைய கூலியாளுக்கு அது ஒருநாள் கூலிக்கும் மேல். 1581-இல் அது மாதத்திற்கு 20 பவுன் என்று ஆயிற்று. 1593-இல், ஒரு மாதம் வராமலிருந்து பிடிவாதம் செய்கின்றவனுக்குச் சிறை. அதற்கும் மசியாவிட்டால் நாடுகடத்தல். நாட்டைவிட்டுப் போகாவிட்டால் மரணம் என்றார்கள்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். இந்த அபராதத்தைக் கட்டியவர்களும் சிறைக்குப் போனவர்களும் யார்? சர்க்கார் கோயிலில் கும்பிடுவது தங்கள் மனச்சாட்சிக்கு விரோதம் என்று கருதிய கத்தோலிக்கர்களும் பியூரிட்டன்களுமே. அதாவது, கோயிலுக்கு வராதவனிடம் பக்தி இருந்தது. வந்து உட்கார்ந்திருந்தவர்களில் பலரிடம் பயம்தான் இருந்தது. கட்டாயம் என்று ஒன்று வந்துவிட்டால் பக்தனையும் பயந்தாங்கொள்ளியையும் கடவுளாலேயேகூடப் பிரித்தறிய முடியாமல் போய்விடுகின்றது.

வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறிய வர்ஜீனியாவில் இதற்கும் மேலே போனார்கள். 1611-ஆம் வருஷச் சட்டப்படி ஞாயிறு ஆராதனைக்கு வராதவனுக்கு முதல் தடவை ஒருவாரப் படி நிறுத்தம். இரண்டாம் தடவை படியும் நிறுத்திக் கசையடி. மூன்றாம் தடவை மரண தண்டனை. 1609-10 பனிக்காலத்தில்தான் பசியால் ஏராளமான பேர் செத்த இடம் அது. அந்த இடத்தில் வாரப் படியை நிறுத்துவேன் என்றால், கோயிலுக்கு வந்தவன் கடவுளைத் தேடி வந்தானா, சோற்றைத் தேடி வந்தானா? அதே வர்ஜீனியாவில், ஜெபர்சன் என்னும் அறிஞர் எழுதிக் கொடுத்த சட்டம் 1786-இல் நிறைவேறி, எந்த மனிதனையும் எந்த வழிபாட்டுக்கும் போகும்படி கட்டாயப்படுத்தக்கூடாது என்று ஆயிற்று. மரண தண்டனையிலிருந்து இந்த இடத்திற்கு வருவதற்கு 175 வருஷங்கள் பிடித்தன.

பிரம்பைக் கீழே வைத்ததும் நடந்தது என்ன? 1851 மார்ச் 30 ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கோயிலுக்கு வந்தவர்களைச் சர்க்கார் கணக்கெடுத்தது. வரக்கூடிய நிலையில் இருந்தும் வராதவர்கள் 52 இலட்சத்துக்கும் மேல் என்று அந்த அறிக்கையை எழுதிய ஹொரேஸ் மான் கணக்கிட்டார். அவர்களில் பெரும்பாலோர் உழைப்பாளிகள் என்றும் கண்டார். காசு கொடுத்து இடம் வாங்கிய கனவான்களுக்கு ஓரிடம், ஏழைக்கு ஓரிடம் என்றிருந்த கோயிலுக்கு, அபராதமும் இல்லையென்றால், உழைத்துக் களைத்தவன் எதற்காகப் போவான்? கடைசியில் 2019-இல், ஒவ்வொரு கோயிலிலும் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்தியே தீரவேண்டும் என்கின்ற விதியை ஆங்கிலத் திருச்சபையே தளர்த்திவிட்டது. ஜனங்களுக்கிருந்த கட்டாயம் முன்பே போயிற்று. பின்னால் பாதிரிமார்களுக்கிருந்த கட்டாயமும் தளர்ந்துவிட்டது.

"கட்டாயப்படுத்தினால்தான் பழக்கம் வரும், பழக்கம் வந்தால் விருப்பம் தானே வரும். தாய் பிள்ளைக்கு மருந்து புகட்டுவதில்லையா?" என்று சில பாதிரிமார்கள் சமாதானம் சொல்லக்கூடும். தாய் புகட்டுவாள், பிள்ளைக்கு நோய் தீர்ந்ததும் நிறுத்திவிடுவாள். எழுபது வயதுக் கிழவனுக்கும் வாயைப் பிளந்து புகட்டிக்கொண்டிருக்கிற மருந்து மருந்தாகுமா?

"ஞாயிறன்று நாலு பேரைப் பார்க்கலாம், பாட்டுப் பாடலாம், மனதுக்கு ஆறுதலாயிருக்கின்றது" என்று சிலர் சொல்கின்றார்கள். மெத்தச் சரி. அது உங்கள் இஷ்டம். அதில் குறுக்கிட நமக்கு யாதொரு உரிமையும் கிடையாது. ஆனால் ஆசையோடு போகின்ற இடத்துக்குப் பாவக் கணக்கு எதற்கு? அந்தரங்கமாக ஜெபம் செய்யும்படி யேசு சொன்னதாக அவர்கள் வேதத்திலேயே இருக்கும்போது, வருகைக் கணக்கு எதற்கு?

நிற்க, நமது நாட்டு ஏழைக் கிறிஸ்தவனுக்கு நரகத்தைவிடப் பெரிய பயங்கள் உண்டு. மகள் கல்யாணத்துக்குக் கோயிலில் ஓலை வாசிக்கவேண்டும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வேண்டும். செத்தால் கல்லறையில் ஆறடி நிலம் வேண்டும். இவ்வளவும் ஒரே கையில் இருக்கும்போது, "யாரையும் நாங்கள் வற்புறுத்துவதில்லை" என்று அந்தக் கை சொல்வதில் என்ன பொருள் இருக்கின்றது? இந்துக் கனவான்களும் இதைப் படித்துக் கைகொட்டிச் சிரிக்கவேண்டாம். திருவிழா வரி கொடுக்காதவனை ஊரைவிட்டு ஒதுக்கிவைக்கின்ற யோக்கியதை உங்கள் தெருவிலும் உண்டு.

பெற்றோர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1950 முதல் நடப்பிலுள்ள நமது அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவின்படி, சர்க்கார் அங்கீகாரமோ உதவிப்பணமோ பெற்ற பள்ளிக்கூடத்தில், படிக்கின்றவரின் சம்மதமில்லாமல், சிறுவரானால் பெற்றோர் அல்லது காப்பாளர் சம்மதமில்லாமல், அங்கு நடக்கும் வழிபாட்டுக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே பிள்ளையைச் சேர்க்கும்போது நீட்டுகின்ற காகிதத்தில் என்ன எழுதியிருக்கின்றதென்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் படித்தவரைக் கொண்டு வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கிறிஸ்தவத் தோழர்களுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். போக விருப்பமிருந்தால் போங்கள். மனைவிக்கும், மகனுக்கும், வீட்டு வேலைக்காரிக்கும் விருப்பமில்லையானால் அவர்களை விட்டுவிடுங்கள். கட்டாயத்தை எடுத்துவிட்ட பிறகு எத்தனை பேர் வருகின்றார்களோ, அத்தனை பேர்தான் உங்கள் மதத்தில் இருக்கின்றார்கள். அந்தக் கணக்கைப் பார்க்கத் தைரியமிருந்தால் ஒரே ஒரு வருஷம் பாவக் கணக்கை மூடிவைத்துப் பாருங்கள்.