ஏரிக்கு என்ன விலை?

ஆகாய விமானத்தின் பேரில் எனக்கு எவ்வித விரோதமும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். 1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் ஒரு சிறிய விமானத்தைத் தாமே ஓட்டி வந்தார். பம்பாயிலிருந்து நெவில் வின்ட்ஸென்ட் என்பவர் பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டு வந்து சேர்த்தார். அந்த விமானம் இறங்குவதற்கு வேண்டியிருந்ததெல்லாம் கல்லும் முள்ளும் இல்லாத ஒரு மைதானந்தான். காஞ்சீபுரத்துக்குப் பக்கத்தில் பரந்தூரில் அமைக்க உத்தேசித்த விமான நிலையத்துக்கோ, 2023-ம் வருஷத்துச் சர்க்கார் உத்தரவின்படி, 5,746 ஏக்கரா நிலம் வேண்டியிருக்கிறது. குழந்தை வளர்ந்தால் சட்டையும் வளரத்தான் வேண்டும். அதில் யாருக்கும் ஆட்சேபம் இராது. சட்டை தைக்கும் துணி யாருடைய வீட்டுத் துணி என்பதில்தான் வழக்கு.

எங்கள் தெருவில், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் இருக்கிறார். மாலைக் காப்பி ஆனதும் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து விடுவார். "பங்களூரைப் பாருங்கள், ஸார்! ஹைதராபாத்தைப் பாருங்கள்! நாம் மட்டும் மீனம்பாக்கத்தையே கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?" என்பது அவருடைய கட்சி.

அந்தக் கட்சியில் நியாயம் இல்லாமற் போகவில்லை. மேற்சொன்ன இரண்டு நகரங்களிலும் 2008-ம் வருஷத்தில் புதிய விமான நிலையங்கள் திறந்தார்கள். பிரயாணிகளின் எண்ணிக்கையில் இரண்டும் சென்னையை மிஞ்சி விட்டன. மீனம்பாக்கத்துக்கோ ஒரு பக்கம் குன்றுகள், ஒரு பக்கம் அடையாற்றின் படுகை, மற்றப் பக்கங்களில் வீடுகள். இரண்டாவது ஓடுபாதையை நீட்டுவதற்கு ஆற்றின் மேலேயே பாலம் போட வேண்டியதாயிற்று. விமானம் ஆற்றைத் தாண்டி ஓடுகிறது என்றால் இட நெருக்கடி எவ்வளவு என்று நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம். 2023-24-ல் அங்கே வந்து போன பிரயாணிகள் 2 கோடிக்கு மேல். புதிய நிலையத்தையோ வருஷத்துக்கு 10 கோடிப் பேருக்கென்று திட்டமிட்டார்கள். படாளம், திருப்போரூர், பன்னூர், பரந்தூர் ஆகிய நான்கு இடங்களைப் பார்த்து, பன்னூரையும் பரந்தூரையும் பொறுக்கியெடுத்து, முடிவில் 2022-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் பரந்தூரின் பெயரை வெளியிட்டார்கள்.

ஆகவே விமான நிலையம் வேண்டுமா, வேண்டாமா என்ற தர்க்கத்தில் நான் இறங்கப் போவதில்லை. எனக்கு வந்த சந்தேகம் அந்த 5,746 ஏக்கராவைப் பற்றியது. அதில் பட்டா நிலம் 3,774 ஏக்கரா. பாக்கி 1,972 ஏக்கரா புறம்போக்கு. அதாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புறம்போக்கு. பட்டா நிலத்துக்கு ஏக்கரா இவ்வளவு என்று நஷ்டஈடு உண்டு. புறம்போக்குக்கு? அது ஏற்கனவே சர்க்காருடையதுதானே, அதற்கு யார் யாருக்குப் பணம் கொடுப்பது என்று கணக்குப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்து விடுகிறார்.

புறம்போக்கு என்ற வார்த்தையைப் பட்டணத்தில் வசவாக உபயோகிக்கிறார்கள். அது பாவம், வரிக்குப் புறம்பான நிலம் என்று பொருள்படும் ஒரு சாதுவான சொல். ஏரி, குளம், வாய்க்கால், மேய்ச்சல் தரை, களம், சுடுகாடு எல்லாம் அதில் அடங்கும். தனி மனிதனுக்குச் சொந்தமில்லாததால் ஊருக்கே சொந்தம். பழைய செங்கற்பட்டு ஜில்லாவை ஏரி ஜில்லா என்றே சொல்வார்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் கொஞ்சம். ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைப் பிடித்து வைத்தால்தான் தை மாதத்தில் அறுவடை. அதற்காக நம் முன்னோர் கண்டுபிடித்த யந்திரம் ஏரி.

யந்திரம் என்று வேண்டுமென்றேதான் சொன்னேன். ஏரி என்பது தண்ணீர் நிறைந்த பள்ளம் என்று நினைப்பவர்கள் அநேகர். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. கரை அதை நிறுத்துகிறது. மதகு வழியாக ஆயக்கட்டு வயல்களுக்குப் போகிறது. நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்து இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்று பாய்ச்சுவார். நிறைந்து மிஞ்சியது கலங்கல் வழியே வழிந்து, கீழே உள்ள ஏரிக்கு வரத்தாகிறது. அந்த ஏரியின் கலங்கல் அதற்கும் கீழே உள்ளதை நிரப்புகிறது. இப்படி ஊருக்கு ஊர் கைகோத்து நிற்கும் சங்கிலியில் நடுவே நாலு கண்ணியை எடுத்து விட்டால், மேலே உள்ள ஊருக்கு வெள்ளம், கீழே உள்ள ஊருக்கு வறட்சி. பாலாற்று நீரைக் கொண்டு வழியெல்லாம் ஏரிகளை நிரப்பிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகும் கம்பன் கால்வாய், விமான நிலையத்துக்குக் குறித்த எல்லைக்குள்ளாகவே செல்கிறது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியின் உபரி நீர் செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. செம்பரம்பாக்கத்தின் உபரி அடையாற்றுக்கு. 2015-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் அந்த அடையாறு என்ன செய்தது என்பதைச் சென்னைவாசிகளுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மீனம்பாக்கம் விமான நிலையமே தண்ணீரில் மூழ்கிப் பல நாட்கள் மூடிக் கிடந்தது. பரந்தூர்ப் பக்கத்து ஏரிகளின் கதை சைதாப்பேட்டை வீட்டுக் கூடத்தில் வந்து முடியக்கூடும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இதற்கு நண்பர், "என்ஜினீயர்கள் எதற்கு இருக்கிறார்கள்? கால்வாயைச் சுற்றிவிட்டால் போகிறது!" என்றார்.

சுற்றி விடலாம். கொச்சிக்குப் பக்கத்தில் நெடும்பாசேரியில் அப்படித்தான் செய்தார்கள். 1999-ம் வருஷத்தில் திறந்த அந்த நிலையத்தைப் பற்றி நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனங்களிடமிருந்தும் வெளிநாடுகளில் சம்பாதித்த மலையாளிகளிடமிருந்தும் பங்குப் பணம் திரட்டிக் கட்டினார்கள். வீடு வாசல் இழந்த குடும்பங்களுக்கு மனையும், அநேகருக்கு நிலையத்திலேயே வேலையும், டாக்ஸி ஓட்டும் உரிமையும் கொடுத்தார்கள். மனிதர்களிடம் பேசிய அளவுக்குத் தண்ணீரிடம் யாரும் பேசவில்லை. பெரியாற்றின் வெள்ளச் சமவெளியில், நெல் வயல்களின் மேல், செங்கல் தோடு என்னும் ஓடையை மறித்து ஓடுபாதை போட்டார்கள். 2018-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பெரியாறு தன் பழைய வழியைத் தேடிக்கொண்டு வந்தது. இரண்டு வாரம் விமான நிலையத்தில் விமானம் இறங்கவில்லை.

பரந்தூரில் மனிதர்களிடமாவது முன்கூட்டிப் பேசினார்களா என்றால், அங்கேதான் வருத்தம். ஏகனாபுரம் என்ற கிராமம் ஏறக்குறைய முழுவதும் இந்தத் திட்டத்துக்குள் வருகிறது. 2022-ம் வருஷம் ஜூலை மாதக் கடைசியில், சர்க்கார் வாயைத் திறந்து சொல்வதற்கு முன்பே காற்றுவாக்கில் செய்தி தெரிந்து, அந்த ஊர் ஜனங்கள் கூட ஆரம்பித்தார்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் கூடி உட்கார்ந்து ஆட்சேபம் தெரிவிப்பது வழக்கமாயிற்று. 2025-ம் வருஷத்தில் அது ஆயிரம் நாளைத் தாண்டியது. கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். 2024 ஏப்ரலில் நடந்த பார்லிமெண்டுத் தேர்தலில் ஊரில் பெரும்பாலோர் வோட்டுப் போடாமல் வீட்டிலிருந்து விட்டார்கள். அதற்கு மறு வருஷம் ஏப்ரலில் மத்திய சர்க்கார் திட்டத்துக்குக் கொள்கை அளவில் சம்மதம் கொடுத்தது.

நிலத்தை விற்க முன்வந்தவர்களும் உண்டு. 2025 ஜூலையில் முதல் பத்திரங்கள் பதிவாயின. அவர்களை நான் குறை கூற மாட்டேன். பெண்ணின் கல்யாணமும் பையனின் படிப்பும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆனால் பட்டா இல்லாதவர்களின் கதி என்ன? குத்தகைக்கு உழுகிறவர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் கிழவர், இவர்கள் விற்பதற்கு ஒன்றும் இல்லை. இவர்கள் இழப்பது அந்த 1,972 ஏக்கராவைத்தான். அதற்கோ விலையே போடவில்லை!

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கலாம். வெள்ளைக்காரர்கள் 1894-ல் எழுதிய நில ஆர்ஜித சட்டம் சுதந்திரம் வந்த பிறகும் 66 வருஷம் நம்மை ஆண்டது. 2013-ல் பார்லிமெண்டு புதிய சட்டம் செய்தது. நிலத்தை எடுப்பதற்கு முன் அதனால் யார் யாருக்கு என்ன கஷ்டம் வரும் என்று ஆராய்ந்து, ஊராரைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும் என்று அதில் விதித்தார்கள். நில உடைமை இல்லாத தொழிலாளியும் அந்த ஆராய்ச்சியில் வருவார். நல்ல காரியந்தான். ஆனால் நம் மாகாணத்தில் தொழில்களுக்காக நிலம் எடுப்பதற்கென்று 1997-ல் செய்த தனிச் சட்டம் ஒன்று இருக்கிறது. பரந்தூருக்கு எடுத்துக்கொண்டது அதைத்தான். சொந்தக்காரரின் ஆட்சேபத்தைக் கேட்க அதில் நோட்டீஸ் உண்டு. ஊராரைக் கூட்டி ஆராய வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. 2019-ல் ஹைகோர்ட்டு இது செல்லாது என்றது. அதே வருஷம் சட்டசபை அதற்குப் புத்துயிர் கொடுத்தது. 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் சரி என்று விட்டது. சட்டப்படி எல்லாம் ஒழுங்குதான்.

ஜப்பானிலும் எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. டோக்கியோவுக்கு இரண்டாவது விமான நிலையம் வேண்டுமென்று 1966-ம் வருஷம் ஜூலை மாதம் 4-ந் தேதி மந்திரிசபை நரிட்டாவைத் தீர்மானித்தது. அங்கே உழுது கொண்டிருந்தவர்களில் பலர், யுத்தம் முடிந்த பிறகு காட்டை வெட்டிக் கழனியாக்கிக் குடியேறிய ஏழைகள். அவர்களைக் கலந்து பேசிய பிறகல்ல, தீர்மானித்த பிறகுதான் சொன்னார்கள். அதன் பலனை இன்று வரை அந்தத் தேசம் அநுபவிக்கிறது. 1971-ல் பலவந்தமாக நிலத்தை எடுத்தபோது நடந்த கலவரத்தில் போலீஸ்காரர்கள் மூவர் இறந்தனர். 1978-ம் வருஷம் மார்ச்சு 30-ல் திறப்பு விழா என்று தேதி குறித்தார்கள். நாலு நாள் முன்னதாக எதிர்ப்பாளர்கள் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குள் புகுந்து யந்திரங்களை உடைத்து விட்டார்கள். திறப்பு விழா மே 20-க்குப் போயிற்று. பலாத்காரத்தை நான் ஆதரிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். அந்தக் கோபம் எதிலிருந்து பிறந்தது என்பதைச் சொல்ல வந்தேன். இரண்டாவது ஓடுபாதை 2002-ல்தான் திறந்தது. அதையும் நிலம் கொடுக்க மறுத்த சில விவசாயிகளுக்காகக் குறுக்கி, 2,180 மீட்டர்தான் போட முடிந்தது. ஒரு விவசாயியின் வயலும் வீடும் விமானப் பாதைகளுக்கு நடுவே தீவு போல நின்றன. விமானங்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போயின. முடிவில் 1991 முதல் 1993 வரை சர்க்காரும் விவசாயிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பதினைந்து கூட்டங்கள் நடத்தினார்கள். பலவந்தமாக நிலம் எடுக்கும் வழியைச் சர்க்கார் கைவிட்டது. 1966-ல் செய்ய வேண்டிய காரியம்! ஒசாகாவுக்குப் புதிய நிலையம் கட்டியபோது, நிலமே வேண்டாமப்பா என்று கடலைத் தூர்த்து 1994-ல் திறந்தார்கள். அந்தத் தீவு அமிழ்ந்து கொண்டிருப்பது வேறு கதை.

பரந்தூரிலிருந்து ஒரு நாளில் போய் வரக்கூடிய தூரத்தில் உத்திரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அந்த ஊரார் கோயில் சுவரில் வெட்டிய சாஸனங்களைப் பற்றி நம் தலைவர்கள் மேடைதோறும் பெருமையாகப் பேசுவது வழக்கம். குடவோலை முறைக்காகப் பேசுகிறார்கள். குடத்தில் ஓலை போட்டு எடுத்து என்ன வாரியம் அமைத்தார்கள் என்பதையும் படித்தால் தேவலை. அவற்றில் ஒன்று ஏரி வாரியம். ஏரியை வருஷந்தோறும் தூர் வாரிப் பார்த்துக்கொள்ள ஊரார் தாங்களே தேர்ந்தெடுத்த சபை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் அந்தச் சபையைக் கேட்காமல் ஒரு மதகைக் கூட மாற்றியிருக்க முடியுமா என்பது சந்தேகம்.

பரந்தூரில் நீர்நிலைகளை ஆராய ஒரு நிபுணர் குழுவைச் சர்க்கார் நியமிக்கத்தான் செய்தது. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிற்பாடு நியமித்தது. முகூர்த்தம் வைத்துப் பந்தலும் போட்ட பிறகு ஜாதகம் பார்க்கும் ஜோசியரின் நிலைமை அந்தக் குழுவுக்கு. பொருத்தம் இல்லை என்று அவர் எப்படிச் சொல்வார்?

"அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும் என்கிறீர்?" என்று நண்பர் சற்றுக் கோபமாகவே கேட்டார்.

எல்லைக்குள் வரும் ஏரி ஒவ்வொன்றின் வரத்துக்காலும் கலங்கலும் இனி எங்கே போகும் என்று, தமிழில் எழுதிய படம் ஒன்றை அந்தந்த ஊர்ச் சாவடியில் ஒட்ட வேண்டும் என்றேன். அதைக் கிராம சபை பார்த்துக் கேள்வி கேட்கட்டும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் எல்லையை மாற்றத் தயாராயிருக்க வேண்டும். பட்டா இல்லாதவர்களின் பெயரையும் எழுத ஒரு பதிவேடு திறக்க வேண்டும். இவையெல்லாம் மண் லாரி ஊருக்குள் நுழைவதற்கு முன்னால். இதற்கு ஆகிற செலவு ஓடுபாதையில் அரைக்கால் பர்லாங்கு தூரம் போடும் செலவுகூட ஆகாது.

நண்பர் பதில் சொல்லாமல் எழுந்து போனார். மறுநாள் மாலை வழக்கத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். கையில் பழைய பத்திரிகை ஒன்று. அதில் உத்தேச விமான நிலையத்தின் படம். இரண்டு ஓடுபாதை, பிரயாணிகளின் கட்டடம், ரஸ்தாக்கள் எல்லாம் வெகு அழகாய் இருந்தன. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் மேலும் கீழும் தடவிப் பார்த்துவிட்டு, "கலங்கல் எங்கே, ஸார்?" என்று கேட்டார்.