மரநடு விழாவும் ஒரு கடிதமும்

ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் மரநடு விழா நடைபெறுகின்றது. பிரமுகர் ஒருவர் மண்வெட்டியைப் பிடிக்கின்றார், படம் எடுக்கப்படுகின்றது, மாணவர் வெயிலில் நின்று கைதட்டுகின்றனர். மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று! தலைமையாசிரியன் என்ற முறையில் இத்தகைய விழாக்கள் பலவற்றை நானே முன்னின்று நடத்தியிருக்கின்றேன். ஆதலின் இக்குறை முதலில் என்னையே சாரும்.

புவி வெப்பமடைவதைத் தடுக்க இளைஞர் என்ன செய்யலாம் என்று கேட்டால், மரம் நடுவோம், நெகிழிப் பையைத் தவிர்ப்போம், விளக்கை அணைப்போம் என்று நம் மாணவர் கட்டுரை வரைகின்றனர். தவறில்லை. ஆனால், இவை எவருக்கும் சினமூட்டாத செயல்கள். நாம் அவர்களிடம் விரும்புவதும் அதுதானே!

சிலாங்கூரில் நிகழ்ந்ததை எண்ணிப் பாருங்கள். கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு ஒரு சதுப்புக்காடு. இலையும் வேரும் முற்றும் மக்காமல், நீர் சூழ நெடுங்காலமாகப் படிந்து உருவான மண் அது. அந்நீரை வடித்துவிட்டால் மண்ணில் அடைந்துகிடக்கும் கரி, கரியமில வாயுவாகக் காற்றில் கலக்கும். வறண்டால் எளிதில் தீப்பற்றும். 2020 பிப்ரவரியில் அக்காட்டின் ஏறத்தாழ 930 ஹெக்டரைக் காப்புப் பட்டியலினின்று நீக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. மக்கள் ஆட்சேபம் தெரிவிக்கச் சிலாங்கூர்ச் சட்டம் வழிவகுத்திருந்தது. தெமுவான் பூர்வகுடியினரும் இயற்கை ஆர்வலரும் இளைஞரும் ஆயிரமாயிரமாக ஆட்சேபம் தெரிவித்தனர். இருந்தும், 2021 ஆகஸ்டில் காட்டின் பாதிக்கு மேற்பட்ட பகுதி நீக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. எதிர்ப்பு மேலும் வலுத்தது. செப்டம்பரில் மாநில அரசு அம்முடிவைக் கைவிட்டது.

என் முன்னாள் மாணவர் பலரை வினவினேன். ஒருவர்கூட ஆட்சேபம் எழுதியிருக்கவில்லை. அவர்களை எப்படி நோவது? அதிகாரப்பூர்வக் கடிதம் எழுத நாம் கற்பிக்கவில்லையா? கற்பித்தோம். அனுப்புநர், பெறுநர், ஐயா, இக்கண் என்றெல்லாம் வரிசை பிறழாமல் கற்பித்தோம். கற்பனை முகவரி, கற்பனைக் குப்பைமேடு, கற்பனை நகராண்மைக் கழகம். திருத்தியபின் கடிதம் ஏட்டிலேயே தங்கிவிடும். அஞ்சல்தலை காணாத கடிதத்தையன்றோ இத்தனை ஆண்டுகள் நாம் எழுதப் பழக்கினோம்!

“இஃது அரசியலாகிவிடும், பள்ளிக்குத் தொல்லை வரும்” என்று சக தலைமையாசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். கருத்துக் கூறுக என்று சட்டமே அழைக்கும்போது வாய்மூடியிருப்பது எந்த வகையான நற்குடிமைப் பண்பு? 2019-இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தப்படி, 18 வயதினர்க்கு வாக்குரிமை 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதே திங்களில்தான் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர் பலரின் வீடுகள் வெள்ளத்தில் மூழ்கின. வெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். அதற்கேற்பப் பெருமழையும் கடுமையாகும். இதனை அறிவியல் பாடத்தில் சொல்லிவிட்டு, மொழிப்பாடத்தில் மௌனம் காப்பது நேர்மையாகாது.

இத்தவணையில் என் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர் எழுதப்போகும் கடிதத்தில் உண்மையான முகவரி இருக்கும். பள்ளிக்குப் பின்னால் ஆற்றங்கரை மரங்கள் வெட்டப்படுவதைப் பற்றியது அது. அஞ்சல்தலைச் செலவு என்னுடையது.