வக்கீலுக்கு இருநூறு கேஸ், உங்களுக்கு ஒன்றே ஒன்று

பதிவு நீளம். பொறுமையாக உட்கார்ந்து படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை சார்" என்று போட்டால் எனக்குத் தெரிந்துவிடும், நாற்பது பேர் வகுப்பில் யார் படிக்கவில்லை என்று கண்டுபிடித்தவன் நான்.

இரண்டு வாரமாக நம் சொந்தக்காரர்கள் குழுவில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. நில எடுப்பு வழக்கில் மக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சமாதானம் ஆகிறவன் ஏமாளியாம். கடைசிவரை நின்றால் கண்டிப்பாக ஜெயிக்கலாமாம், வக்கீலே சொல்லிவிட்டாராம். பேசியவர் யாரென்று எனக்குத் தெரியாது. அந்தக் "கண்டிப்பாக" என்ற சொல்லுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்காரர்களுக்கு நில எடுப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டம். தொண்ணூறுகளில் டிட்கோ நிறுவனத்துக்காக நிலம் எடுத்தார்கள். விலை போதாது என்று ஆயிரக்கணக்கில் வழக்குகள். ஒரே வழக்கின் கட்டில் திருச்சி, பெரம்பலூர், அரியலூர் என்று மூன்று மாவட்டத்தின் பெயரையும் பார்க்கலாம். அரியலூரை 2001இல் பிரித்து, 2002இல் சேர்த்து, 2007இல் மறுபடி பிரித்தார்கள். வழக்கு மட்டும் நகரவில்லை. கடைசியில் திட்டத்தையே கைவிட்டு, நிலத்தைத் திருப்பித் தருவதாக அரசே அறிவித்தது. 1997இல் எந்த வக்கீல் இதைக் கணித்திருக்க முடியும்?

முடியாது. அதில் தப்பும் இல்லை. வக்கீல் என்பவர் தெரியாததை வைத்துக்கொண்டு முடிவெடுக்கிறவர். 1894ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவர் வேலை எப்படி இருந்தது என்று பாருங்கள். அவார்டு தொகையை வாங்கும்போது "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதாவிட்டால் கூடுதல் தொகை கேட்டு நீதிமன்றம் போகும் வாய்ப்பே போச்சு. அவார்டு அன்று நேரில் இருந்தவர் ஆறு வாரத்துக்குள் 18ஆம் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு இன்னொரு வழி இருந்தது. அதே அறிவிப்பில் நிலம் போன பக்கத்து வயல்காரர் நீதிமன்றத்தில் கூடுதல் தொகை வாங்கினால், அந்தத் தீர்ப்பிலிருந்து மூன்று மாதத்துக்குள் 28ஏ பிரிவில் கலெக்டரிடம் கேட்கலாம். செலவில்லாமல் பின்னால் நிற்பதா, முன்னால் போய் மோதுவதா? இதுவே ஒரு பந்தயம்தான்.

அதைவிடப் பெரிய பந்தயம் எந்தக் கிரயப் பத்திரத்தைக் காட்டுவது என்பது. ரோட்டோரத்து மூன்று சென்ட் மனை விலையைக் காட்டினால் சென்ட் கணக்கு எகிறும். ஆனால் நீதிபதி, "இது சின்ன மனை, போனதோ பல ஏக்கர் வயல்" என்று மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ கழிப்பார், இல்லையென்றால் பத்திரத்தையே தள்ளிவிடுவார். உள்ளே இருக்கிற புஞ்சைக்காட்டுப் பத்திரத்தைக் காட்டினால் விலை குறைவு, ஆனால் நிற்கும். எதைக் காட்டுவது? நல்ல வக்கீலுக்குத் தூக்கம் போகிற இடம் இது. இதற்காகவே அந்தத் தொழிலை நான் மதிக்கிறேன்.

சட்டமே மாறிவிடுகிற கதையும் உண்டு. 2013 நில எடுப்புச் சட்டம் 2014 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 24(2) பிரிவை வைத்து, பழைய எடுப்பில் இழப்பீடு உரிய முறையில் கொடுக்கப்படாவிட்டால் எடுப்பே காலாவதி என்று அதே மாதம் புனே மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கருவூலத்தில் பணத்தைக் கட்டிவைத்தால் கொடுத்ததாகாது என்றும் சொன்னது. நாடு முழுக்க வக்கீல்கள் ஓடினார்கள். 2020 மார்ச் 6இல் இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. நிலம் கைக்கு வராமலும் இழப்பீடு கொடுபடாமலும், இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் காலாவதி என்றது.

2015இல் "24(2)இல் போடுவோம்" என்று சொன்ன வக்கீல் முட்டாளா? இல்லை. கணக்கில் வழிமுறை சரியாக இருந்து விடை தவறினால் நான் மார்க் போடுவேன். அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அவர் எடுத்த முடிவு சரி. ஆனால் "நூற்றுக்கு நூறு, பணத்தை வாங்காதே" என்று சொல்லியிருந்தால் அது பொய். "இன்றைய தீர்ப்பு இது, நாளை பெரிய அமர்வு மாற்றலாம்" என்பதுதான் உண்மை. அதைக் கட்சிக்காரரிடம் வாயைத் திறந்து எத்தனை பேர் சொன்னார்கள்?

இங்கேதான் என் கோபம். பந்தயம் கட்டுவது வக்கீல், பணயம் வைக்கப்படுவது உங்கள் நிலம்.

ஒரு கணக்கு. கற்பனை எண்கள்தான், கணக்கு உண்மை. சமாதானத்தில் 6 லட்சம் இன்றே கிடைக்கும். வழக்கு நடத்தினால் ஜெயித்தால் 10 லட்சம், தோற்றால் 2 லட்சம், வாய்ப்பு பாதிக்குப் பாதி. சராசரி 6 லட்சம். ஆக இரண்டும் ஒன்றுதானே? வக்கீலுக்கு ஒன்றுதான். அவரிடம் இப்படி இருநூறு கட்டுகள். நூறு ஜெயிக்கும், நூறு தோற்கும், மொத்தத்தில் 12 கோடி பக்கம் வந்து நிற்கும். ஒரு கிராமத்து வழக்குகள் மொத்தமாக விழுந்தாலும் அடுத்த கிராமத்துக் கட்டு அவர் பீரோவில் இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சராசரி ஒருநாளும் கிடைக்காது. பத்து வரும், இல்லாவிட்டால் இரண்டு வரும். பையன் அரசு வேலையில் இருக்கிறவர் அந்த ஆட்டத்தை ஆடலாம். பெண்ணின் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியவர் ஆடக்கூடாது. வழக்குக் கட்டைப் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, உங்களைக் கேட்டால்தான் தெரியும்.

நீண்டாலே நஷ்டம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற எதிர்க்கட்சியிலும் நான் இல்லை. பழைய சட்டப்படி கூடுதல் தொகைக்கு, நிலம் எடுத்த நாளிலிருந்து முதல் வருஷம் 9, அதன்பின் 15 சதவீதம் வட்டி உண்டு. ஜெயித்தால் காத்திருப்புக்கும் கூலி கிடைக்கும். எழுபது வயதுக்காரருக்கு அந்தக் கூலி யாருக்குப் போகும் என்பது வேறு கேள்வி. அதோடு, கீழ்க்கோர்ட்டில் ஜெயித்து வாங்கிய பணத்தை, ஹைகோர்ட் குறைத்தால் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும். வீடு கட்டி முடித்த பிறகு இதைக் கேள்விப்படுகிறவர்கள் உண்டு. மறுபக்கம், மக்கள் நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது, மேல்முறையீடு கிடையாது. ஆக அங்கேயும் "எல்லாரும் போடுகிறார்கள்" என்று போடக்கூடாது.

ஃபீஸ் பற்றி ஒரு வார்த்தை. வழக்கில் வரும் தொகையில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதி தடை செய்கிறது. சதவீதம் பேசும் வழக்கத்தை நம் ஊரில் கேள்விப்படாதவர் யார்?

"வக்கீலிடம் போய் நாம் என்ன கேட்பது, அவர் படித்தவர்" என்பீர்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. வக்கீல் சேவையில் குறை என்று நுகர்வோர் நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று. அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, வக்கீல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்பதில் கட்சிக்காரருக்கு நேரடிக் கட்டுப்பாடு இருக்கிறது என்பது. படித்ததும் சிரித்துவிட்டேன். வாய்தா தேதிகூடத் தெரியாமல் கோர்ட் வாசல் புளியமரத்தடியில் நிற்கிற நம் ஆட்களிடமா கட்டுப்பாடு இருக்கிறது? ஆனால் சட்டம் அப்படிச் சொல்லும்போது அதைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கட்டுப்பாடு உங்களுடையது, கேளுங்கள்.

என்னிடம் படித்து வக்கீலான பிள்ளைகளே, உங்களுக்கு இது சுருக்கென்று இருக்கும். "சந்தேகமாகச் சொன்னால் கட்சிக்காரன் அடுத்த வக்கீலிடம் போய்விடுவான் சார்" என்று உங்களில் ஒருவன் என்னிடமே சொன்னான். உண்மைதான். நம் சனம் உறுதி சொல்கிறவரைத்தான் தேடிப்போகிறது. அந்தக் குற்றத்தில் பாதி எங்கள் பக்கம். அதற்காக நீங்கள் ஜோசியர் வேலை பார்க்க வேண்டுமா தம்பிகளா? பத்து நிமிஷம் உட்கார வைத்து, ஜெயித்தால் எவ்வளவு, தோற்றால் எவ்வளவு, எத்தனை வருஷம், அரசு அப்பீல் போனால் என்ன என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக்கொடுங்கள். டாக்டர் ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்கும்போது ஆபத்தைச் சொல்லவில்லையா? நீங்கள் வெறும் வக்காலத்தில் அல்லவா வாங்குகிறீர்கள்.

உறவுகளே, இந்த மாதம் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அவர் மறுத்தால் 15100க்குப் போன் போடுங்கள், இலவச சட்ட உதவி எண். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் வைத்துத் தருவார்கள். காகிதம் புரியாதவர்கள் காலை பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். அவார்டு நகல், தீர்ப்பு நகல், பட்டா மூன்றையும் கொண்டுவாருங்கள். என்ன கேட்க வேண்டும் என்று சேர்ந்து எழுதுவோம். குரல் பதிவைக் கொண்டுவர வேண்டாம்.