பின் சீட்டுக்கும் பெல்ட் உண்டு

'ஏர்பேக்தான் இருக்கே, பெல்ட் எதுக்கு?' என்பவர்கள் ஸ்டீயரிங்கில் உள்ள எஸ்.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைக் கவனிப்பதில்லை. அதில் முதல் எழுத்துக்குப் பொருளே 'துணை' என்பதுதான். பெல்ட் உடலைப் பிடித்து நிறுத்தினால்தான் ஏர்பேக் உதவும். இல்லாவிட்டால் விரியும் வேகத்தில் அதுவே முகத்தில் அறையும்.

பின் சீட்டில் நிலைமை இன்னும் மோசம். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி, பின்னால் பெல்ட் போடாமல் இருந்தார் என்றது போலீஸ். வண்டியோ மெர்சிடிஸ்! பெல்ட் போடாதவர் மோதலின்போது முன் சீட்டில் இருப்பவர் மீதே போய் விழுவார்.

மீறினால் 1,000 ரூபாய் அபராதம். சட்டம் இருக்கு, ஆனா பல கால் டாக்ஸிகளில் பெல்ட் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைஞ்சு கிடக்கு. ஏறியதும் எடுத்துத் தரச் சொல்லுங்கள், டிரைவர் முறைத்தாலும் பரவாயில்லை.