பம்பரைக் கழற்ற ஜாதகம் பார்க்க வேண்டாம்

பார்க்கிங்கில் ரிவர்ஸ் எடுத்த ஏதோ ஒரு வண்டி இடித்துவிட்டுப் போய்விடுகிறது. முன் பம்பரில் ஒரு சாண் விரிசல், ஒரு பக்கம் தொங்குகிறது. உடனே குடும்பமே கூடி எடுக்கும் முடிவு: "கம்பெனி சர்வீஸுக்கே விட்டுடு, இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்." மிக்ஸியைப் பிரித்துப் போட்டு மறுபடி மாட்டத் தெரிந்த அப்பாக்கள்கூட காருக்கு முன்னால் மட்டும் கைகட்டி நிற்கிறார்கள். இந்த பயபக்திக்கு எவ்வளவு செலவாகிறது என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

முதலில், கழற்றுவது அப்படி என்ன பிரம்ம வித்தை? வெளியே தெரிகிற பம்பர் என்பது இன்றைய கார்களில் ஒரு பிளாஸ்டிக் உறை. பலமான மோதலைத் தாங்கும் பீம் அதற்குப் பின்னால் இருக்கிறது. பானட்டைத் திறந்தால் கிரில்லுக்கு மேலே வரிசையாக போல்ட்டும் பிளாஸ்டிக் கிளிப்பும். சக்கரத்தின் பக்கம் ஓரிரண்டு ஸ்க்ரூ, அடியில் சில. எல்லாம் எடுத்த பிறகு ஓரத்தை வெளிப்பக்கமாக இழுத்தால் 'டக் டக்'கென்று விட்டுக்கொண்டு வரும். அந்தச் சத்தத்தில்தான் பாதிப் பேருக்கு உயிர் போகிறது :-) ஃபாக் லேம்ப் இருந்தால் அதன் ஒயரைக் கழற்றாமல் இழுக்கக் கூடாது. ஸ்க்ரூ டிரைவர், 10 எம்.எம். ஸ்பானர், கீழே விரிக்க ஒரு பழைய பெட்ஷீட், மறுமுனையைப் பிடிக்க ஒரு தம்பி. இவ்வளவுதான். மாடலுக்கு மாடல் ஸ்க்ரூ இருக்கும் இடம் மாறும், சங்கதி மாறாது.

விரிசலை உள்பக்கமாக ஸ்டீல் வலை வைத்து, சால்டரிங் அயர்னால் உருக்கி ஒட்டலாம். அது கை வரவில்லையா, கழற்றிய பம்பரை மட்டும் தெருமுனை டிங்கரிங் கடைக்குக் கொண்டு போகலாம். பெயிண்டும் அங்கேயே.

"இன்சூரன்ஸ்தான் இருக்கே?" என்பவர்களுக்கு இனி கணக்கு. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50% தேய்மானம் கழிப்பார்கள். 6,000 ரூபாய் பம்பர் என்றால் 3,000. அதில் கட்டாயக் கழிவாக 1,000 போகும் (1500 சிசி வரை). மிச்சம் 2,000. ஜீரோ டிப்ரிசியேஷன் போட்டவருக்கு இதைவிட அதிகம் கிடைக்கும், சரி. ஆனால் நோ கிளெய்ம் போனஸ்? அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் படியேறுவது. மூன்று வருடம் கிளெய்ம் இல்லாமல் 35%-இல் இருப்பவர் இந்த வருடம் கை வைத்தால், அடுத்த வருடம் 45%-க்குப் பதில் பூஜ்யம். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 10,000 என்று மாறாமல் இருப்பதாக வைத்தால், ஐந்து வருடத்தில் நழுவும் தள்ளுபடி 4,500 + 3,000 + 2,500 + 1,500 + 500 = 12,000. பன்னிரண்டாயிரத்தை விட்டு இரண்டாயிரத்தை வாங்குவதற்குப் பெயர் சாமர்த்தியமாம்!

அடுத்த பூச்சாண்டி, "வெளியே கை வைத்தால் வாரண்டி போச்சு." 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளிச் சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்ததுதான் குற்றம். வெளி மெக்கானிக்கிடம் போனதற்காக ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றும் அதே உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீடு, கோர்ட் என்று அலைந்தது தனிக்கதை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்றே ஓர் இணையதளம் தொடங்கியது. இத்தனைக்குப் பிறகும் வாரண்டி புத்தகத்தை ஒருமுறைகூடப் புரட்டாமல், கவுண்டரில் இருப்பவர் சொன்னதை வேதவாக்காகக் கேட்டுத் திரும்புகிறோமே, அதை என்ன சொல்ல?

எதிர்த்தரப்பு சொல்வதில் ஒன்று மட்டும் நியாயம். முன்னால் ரேடார் வைத்த புதுக் கார்களில் பம்பரைக் கழற்றி மாட்டினால் சென்சாரைத் திரும்பச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம், அது வீட்டு வேலை இல்லை. பின்னாலிருக்கும் பீம் வளைந்திருந்தாலும் அப்படியே. பெரிய விபத்து என்றால் தாராளமாக கிளெய்ம் போடுங்கள், இன்சூரன்ஸ் அதற்குத்தானே.

மற்றபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். கிளிப் இரண்டு மூன்று நிச்சயம் உடையும். முன்கூட்டியே உதிரிபாகக் கடையில் பத்து வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்க்ரூவையெல்லாம் எடுத்த இடம் எழுதித் தனித்தனிக் கவரில் போடுங்கள். மாட்டி முடித்ததும் கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சினால் தம்பியைத் திட்டிக்கொள்ளலாம் :-)