உத்திரமேரூர்: திருத்தப்பெற்ற செயல்முறை ஆவணம்

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டும் குடவோலைத் தேர்தலுக்குச் சான்றாகவே நம் ஆய்வேடுகளில் எடுத்தாளப்பெறுகின்றன. நிலவுடைமையையும் வேதக்கல்வியையும் தகுதியாக வைத்த பிரமதேய சபையை மக்களாட்சியின் முன்னோடியாகப் போற்றுவது பொருந்துமா என்பது ஒருபுறமிருக்க, அவ்வாசிப்பில் வேறொன்று நழுவிவிடுகிறது. ஒரு நிறுவனம் தன் பணிமுறையை எழுதிவைத்து, இரண்டே ஆண்டுகளில் அதனைத் திருத்திக்கொண்டமைக்கு இவை நேர்ச்சான்றுகள்.

கி.பி. 919ஆம் ஆண்டு ஆவணம் வாரியங்களுக்கு ஆள் தெரியும் முறையை வகுக்கிறது. 921ஆம் ஆண்டு ஆவணம் அதே பொருளை மீண்டும் எடுத்துக்கொண்டு விரிக்கிறது. 30–60 என்றிருந்த வயது வரம்பு 35–70 ஆகிறது. கணக்குக் காட்டாதாரோடு விலக்கத்தக்க உறவினர் இன்னின்னார் என முறைப்பெயர்களால் வரையறுக்கப்பெறுகின்றனர். குடத்தை நம்பிமாருள் மூத்தவர் அனைவரும் காண உயர்த்திப் பிடிக்கவேண்டும். உள்ளிருப்பது அறியாச் சிறுவன் ஓலையை எடுக்கவேண்டும். மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் அதனை ஏற்று வாசிக்கவேண்டும். விரலை விரிக்கச் சொல்வானேன்? மடங்கிய கையில் ஓலை மாறிவிடக்கூடும் என்ற ஐயம் எழுந்திருத்தல் வேண்டும். இத்தகைய நுணுக்கம் முன்கூட்டிய கற்பனையில் தோன்றுவதன்று, நடைமுறையில் பட்டறிந்தே சேர்க்கப்பெற்றது என்பது என் துணிபு.

எனவே, இவ்விரு பாடங்களையும் ஒரே சான்றாகக் கலந்து மேற்கோள் காட்டும் வழக்கம் கைவிடப்பெறவேண்டும். வரிக்கு வரி நேர்வைத்து, சேர்ந்தன எவை, நீங்கின எவை எனப் பிரித்தறிவதோடு, ‘ஆகவும்’ என முடியும் அவற்றின் விதித்தொடர்களைத் தமிழ்ச் செயல்முறை உரைநடையாகவும் ஆராயவேண்டும். அப்பணி வரலாற்றுத் துறைக்குரியதென நாம் ஒதுங்கியிருப்பதற்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை.