உதிரிப்பாகம் வாங்கும் முன் ஒரு கேள்வி

பாரிட் புந்தாரில் ஒரு சிறிய வேனை நம்பி ஒரு குடும்பமே பிழைப்பதை நான் தினமும் பார்க்கிறேன். விடியற்காலையில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும், மாலையில் இரவுச் சந்தைக்குப் பலகாரமும் மேசையும் கொண்டுபோவதும், கல்யாண வீட்டுக்குச் சாப்பாட்டு அண்டாக்களைச் சுமப்பதும் அந்த வேன்தான். நிசான் வனெட், டைஹாட்சு ஹைஜெட், சுசுகி கேரி, 1996இல் பெரோடுவா வெளியிட்ட ரூசா என்று வயதான வேன்கள் பல நம் வட்டாரத்தில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. வேன் ஒரு நாள் நின்றால் அந்த வீட்டின் அன்றைய வருமானமும் நின்றுவிடும்.

தேர்வு, உபகாரச் சம்பளம், மேற்கல்வி பற்றிப் பேசும் இந்தப் பக்கத்தில் வேனுக்கு என்ன வேலை என்று மாணவர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. வேன் பழுதானால் நம்மில் பலர் உடனே கேட்கும் கேள்வி, "எதை மாற்றணும்?" என்பது. அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ஏன் இப்படி ஆனது?" அந்தக் கேள்வியைக் கேட்கவும், சோதித்துப் பார்த்து விடை காணவும் பழகுவதுதான் கல்வி. அந்தப் பாடத்தை வீட்டு வாசலிலேயே படிக்கலாம் என்பது என் கருத்து.

எங்கள் தாமானில் வடையும் முறுக்கும் விற்கும் ஒரு குடும்பத்தின் வனெட், காலை நேரத்தில் கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் இயந்திரம் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கிவிடும். ஒரு பட்டறையில் பேட்டரியை மாற்றினார்கள். சில நாளில் அதே நோய் திரும்பியது. இன்னொரு பட்டறையில் ஸ்டார்ட்டரை மாற்றினார்கள். அப்போதும் தீரவில்லை. இரண்டு வாரச் சந்தை வருமானம் அதிலேயே கரைந்தது.

அந்த வீட்டுப் பெண் படிவம் ஐந்தில் இயற்பியல் படிக்கிறாள். ஒரு சாதாரண மல்டிமீட்டரை எடுத்து அவள் சோதித்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். வண்டி ஓடாதபோது பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. அது முழுமையாக ஏறிய பேட்டரியின் அளவு. அப்பா சாவியைத் திருப்பும்போது 11.4 வோல்ட். அதுவும் குறைவில்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை இயந்திரத்தின் இரும்பு உடலிலும் வைத்து, மீண்டும் சாவியைத் திருப்பச் சொன்னாள். மீட்டர் 3 வோல்ட் காட்டியது. நல்ல கம்பியாக இருந்தால் அந்த இடத்தில் அரை வோல்ட்கூடத் தாண்டக் கூடாது.

"அப்பா, பேட்டரியில குறை இல்லப்பா. கரண்டு திரும்பி வர்ற வழியிலதான் ஏதோ தடுக்குது" என்றாள். இயந்திரத்தையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் கம்பியின் முனை துருவேறிப் பச்சை பூத்திருந்தது. ஸ்டார்ட்டருக்குச் சேர வேண்டிய 11.4 வோல்ட்டில் 3 வோல்ட்டை அந்தத் துரு விழுங்கிவிட்டது. துருவைத் தேய்த்துப் புதுக் கம்பி போட்டதும் வேன் கிளம்பியது.

அந்தப் பெண் செய்தது ஓமின் விதியைப் பயன்படுத்தியதுதான். அதே விதியை நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். படிவம் நான்கில் வெப்பம், படிவம் ஐந்தில் அழுத்தமும் மின்சாரமும் என்று நம் இயற்பியல் பாடநூலில் இருப்பவை பலவும் ஒரு பழைய வேனுக்குள் இருக்கின்றன. பிரேக் மிதியை மிதித்தால் நான்கு சக்கரங்களும் பிடிப்பது பாஸ்கல் தத்துவம். ரேடியேட்டர் மூடி உள்ளே சுமார் ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்குவதால், 100 பாகையில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கிறது. சூடான இயந்திரத்தின் மூடியைத் திறந்தால் அந்த அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். தண்ணீர் குபீரென்று கொதித்து முகத்தில் அடிக்கும். திறக்காதே என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வேன் கிளம்பவில்லை என்றால் வரிசையாக யோசியுங்கள். சாவியைத் திருப்பும்போது இயந்திரம் சுற்றுகிறதா? சுற்றவில்லை என்றால் பேட்டரி, அதன் முனைகள், கம்பிகள், ஸ்டார்ட்டர் என்ற வரிசையில் பாருங்கள். விலை குறைந்ததை முதலில் சோதிப்பது நல்லது. நன்றாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் தீப்பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா, காற்று போகிறதா என்ற மூன்று கேள்விகள். இயந்திரம் ஓடும்போது பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் மின்சாரம் ஏற்றுகிறது. 12 வோல்ட்டை ஒட்டியே நின்றால் பேட்டரியைக் குறை சொல்வதில் பயனில்லை.

மீட்டர் இல்லாதவர்களுக்கும் கண்ணும் மூக்கும் உண்டு. புகைக்குழாயிலிருந்து நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் அது ஒரு மருத்துவ அறிக்கைபோல் பேசும். நுனி சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதல். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் இயந்திரத்தின் உள்தேய்மானம். வெளுத்துக் கொப்புளித்திருந்தால் அளவுக்கு மீறிய சூடு.

பிற்கால வேன்கள் பலவற்றில் கணினியே குறை சொல்லும். 1996 மாடல் கார்கள் முதல் அமெரிக்காவிலும், 2001 முதல் ஐரோப்பாவின் புதிய பெட்ரோல் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி முறையில், டாஷ்போர்டுக்குக் கீழே 16 துளைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். மலிவான கருவி ஒன்றைச் செருகினால் கைப்பேசியில் குறியீடு தெரியும். இங்கேதான் பல இளைஞர்கள் ஏமாறுகிறார்கள். குறியீடு என்பது புகார்; தீர்ப்பு அல்ல. பி0171 என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று பொருள். உடனே ஆக்சிஜன் சென்சாரை வாங்கி மாட்டுபவர்கள் உண்டு. கிழிந்துபோன ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்தாலும் அதே குறியீடுதான் வரும்.

பி0301 என்றால் முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள இயந்திரமானால், முதல் காயிலையும் இரண்டாம் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0302 என்று மாறினால் குற்றவாளி காயில். மாறாமல் இருந்தால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். காசு செலவில்லாமல் ஒரு சந்தேகம் தீர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒரே ஒரு மாறியை மாற்றிப் பார் என்று ஆசிரியர் சொல்வது இதைத்தான்.

பட்டறைக்காரர்களைக் குறைசொல்ல நான் இதை எழுதவில்லை. நல்ல மெக்கானிக்கும் இந்தக் கேள்விகளைத்தான் கேட்பார். "அண்ணே, பேட்டரிய மாத்திடுங்க" என்று நாமே மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு அவரைத் திட்டுவது நியாயமில்லை. "காலையில மட்டும் மெதுவா சுத்துது, மத்தியானம் சரியா இருக்கு" என்று அறிகுறியைச் சொல்லுங்கள். எந்த நேரம், எந்த வேகம், எந்தச் சத்தம் என்று சொல்லத் தெரிந்த வாடிக்கையாளருக்கு வேலையும் சீக்கிரம் முடியும், செலவும் குறையும்.

வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சமதரையில் நிறுத்தி இயந்திர எண்ணெயின் அளவு, இயந்திரம் ஆறிய பின் குளிர்விக்கும் நீர், டயர்களின் காற்றும் தேய்மானமும், எல்லா விளக்குகளும், வண்டிக்கு அடியில் ஈரம் என்று பாருங்கள். வனெட் போன்ற வேன்களில் இயந்திரம் முன் இருக்கைக்கு அடியில் இருப்பதால், இருக்கையைத் தூக்கிப் பார்க்கவே பலர் சோம்பல்படுகிறார்கள். எண்ணெய் வற்றியது தெரியாமல் ஓடி இயந்திரமே இறுகிப்போவதற்கு அந்தச் சோம்பல் போதும். பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது என்பதற்கு அது எச்சரிக்கை. புஸ்பாகோம் சோதனைக்குப் போகும் வணிக வேன்களில் பிரேக், விளக்கு, புகை, அடிப்பகுதி எல்லாம் பார்க்கப்படுகின்றன. அதே பட்டியலை வீட்டில் வைத்துக்கொண்டால் சோதனை நாளன்று பதற்றம் இராது.

எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிவதும் அறிவுதான். ஜாக்கை மட்டும் நம்பி வேனுக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான தாங்கிகள் இல்லாவிட்டால் அந்த வேலை வேண்டாம். பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பெட்ரோல் வாடை வீசும் இடத்தில் தீப்பொறி கூடாது. பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை ஆகியவற்றில் குறையைக் கண்டுபிடிப்பது வரை உங்கள் வேலை. கழற்றிப் பூட்டுவதைத் தேர்ந்த கைகளிடம் விடுங்கள். அந்த வேனில் அடுத்த வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பாரிட் என்றாலே மலாயில் வாய்க்கால். 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் முதல் இந்த வட்டார வயல்கள் வரை எல்லாம் தண்ணீரால் இணைந்தவை. கழித்த இயந்திர எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் அது யாருடைய வயலுக்கோ போகும். 2005ஆம் ஆண்டின் விதிகளின்படி அது அட்டவணையிடப்பட்ட கழிவு. கேனில் பிடித்து, சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இவ்வளவும் செய்பவர்கள் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஓடிய கிலோமீட்டர், அறிகுறி, என்ன சந்தேகப்பட்டோம், எதைச் சோதித்தோம், மீட்டர் என்ன காட்டியது, கடைசியில் காரணம் என்ன. முடிந்தால் படமும் எடுத்து வையுங்கள். இது வீட்டுச் செலவைக் குறைப்பதோடு நிற்காது.

எஸ்பிஎம் முடித்ததும் பினாங்குப் பக்கத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பிள்ளைகளையும், மாமாவின் பட்டறையில் சான்றிதழ் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் பிள்ளைகளையும் நான் அறிவேன். மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிலையத்தில் படிப்பது ஒன்று. பெரும்பகுதி நேரம் வேலையிடத்திலும் மீதி நேரம் வகுப்பிலும் பயிலும் எஸ்எல்டிஎன் முறை இரண்டாவது. ஏற்கெனவே உள்ள அனுபவத்தை ஆதாரங்களோடு தொகுத்துக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்படும் பிபிடி முறை மூன்றாவது. சான்றிதழ் மூன்று நிலைகளைக் கடந்து, நான்காம் நிலையில் டிப்ளோமாவுக்கும் ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவுக்கும் செல்கிறது. பட்டறையில் உழைக்கும் ஓர் இளைஞர், தான் செய்த வேலைகளைத் தேதியோடு எழுதி வைத்திருந்தால் அந்த மூன்றாவது வழியில் அது பக்கபலம். எழுதாமல் விட்டவர் தன் திறமையை எதைக் காட்டி நிரூபிப்பார்?

கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடுவைப் பள்ளிப் படிப்பு ஈர்க்கவில்லை. உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிக் கழற்றிப் பார்த்துக் கற்றவர் அவர். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழிலைத் தொடங்கினார். பின்னாளில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கியவர்களில் ஒருவராக அறியப்பட்டார். தொழிற்கல்வி நிலையங்களையும் நிறுவினார். அவர் காலத்தில் அவருக்குச் சான்றிதழ் தேவைப்படவில்லை. இன்று நம் பிள்ளைகளுக்குத் தேவை. கையறிவும் வேண்டும், அதை மெய்ப்பிக்கும் தாளும் வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வேனை நிமிர்த்திப் பார்க்கும்போது மகனை மட்டும் கூப்பிடாதீர்கள், மகளையும் கூப்பிடுங்கள். பள்ளிகளுக்கும் இளைஞர் இயக்கங்களுக்கும் ஒரு யோசனை. ஒரு சனிக்கிழமை, ஒரு பழைய வேன், சில மல்டிமீட்டர்கள், அனுபவமுள்ள ஒரு மெக்கானிக். இவை இருந்தால் ஒரு பட்டறை வகுப்பு நடத்திவிடலாம். பெரிய மண்டபமோ மாலை மரியாதையோ தேவையில்லை.

மாணவர்களே, அடுத்த முறை வீட்டு வேன் முரண்டு பிடித்தால் பணப்பையைத் திறப்பதற்கு முன் நோட்டைத் திறந்து அறிகுறியை எழுதுங்கள். காரணம் உங்களுக்கே தெரிந்தால் மகிழ்ச்சி. தெரியாவிட்டாலும் பட்டறைக்குப் போகும்போது உங்கள் கையில் தேதியும் அளவும் இருக்கும். அதைப் பார்த்த மெக்கானிக் உங்களிடம் பேசும் முறையே மாறியிருப்பதை நீங்கள் கவனிப்பீர்கள்.